பழைய காருக்குப் புது ஸ்பாய்லர்: முதன்முதலில் அதை மாட்டச் சொன்ன ரிச்சி கிந்தர் யார்?

சிலமலையில் என் பெரியப்பா வீட்டு வாசலில் ஒரு கான்டெஸா நிற்கும். ஏலக்காய்க்கு நல்ல விலை கிடைத்த ஒரு வருஷம் வாங்கிய வண்டி. 90-களில் அதை மதுரைக்கு ஓட்டிப்போய், டிக்கி மூடி மேல் ஒரு ஸ்பாய்லரும் மாட்டிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து தெருப் பசங்களுக்கு அது வால் வச்ச கார். போன வருஷம் தென்னை மரத்திலிருந்து ஒரு தேங்காய் நேராக அந்த வால் மேலேயே விழுந்தது. வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. வால் மட்டும் ரெண்டு துண்டு.

வண்டி இப்போது அண்ணன் கையில். மாற்று ஸ்பாய்லர் வாங்கணும், எது சரியா இருக்கும் என்று கேட்டு வாட்ஸ்அப்பில் மூன்று படம் அனுப்பினார். ஒன்று, எந்த காருக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் பிளாஸ்டிக் பட்டை. டேப் போட்டு ஒட்டினால் போதுமாம். இன்னொன்று, ரெண்டு கால் மேல் உயரமாக நிற்கும் அலுமினிய விங். மூன்றாவது, உடைந்ததைப் போலவே இருக்கும் ஃபைபர் காப்பி.

நான் டெஸ்க்கில் உட்கார்ந்து செய்தி தட்டுகிற ஆள், மெக்கானிக் இல்லை. ஆனால் இந்த வால் முதலில் எதற்காக வந்தது என்று தேடப்போய் ஒரு மனுஷனின் வாழ்க்கையில் மாட்டிக்கொண்டேன். பெயர் ரிச்சி கிந்தர். அமெரிக்கர். 1960-களின் ஃபார்முலா ஒன் வீரர். ரேஸ் உலகில் எல்லாருக்கும் தெரிந்த பெயர்தான், ஆனால் ஸ்பாய்லர் மாட்டுகிற பெரும்பாலானோருக்குத் தெரியாத பெயர்.

யார் இந்த கிந்தர்?

1930 ஆகஸ்ட் 5-ம் தேதி கலிஃபோர்னியாவில் பிறந்தவர். அப்பா டக்ளஸ் விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். 1948-ல் பள்ளிப்படிப்பு முடிந்ததும் மகனும் அங்கேயே கருவிகளும் அச்சுகளும் செய்யும் பட்டறையில் சேர்ந்தார். காலேஜ் டிகிரி எல்லாம் இல்லை. உலோகத்தை அளந்து, வெட்டி, பொருத்திக் கற்றுக்கொண்டதுதான் படிப்பு.

அவருடைய அண்ணனுக்கு ஒரு நண்பர், ஃபில் ஹில். பின்னாளில் அமெரிக்காவின் முதல் ஃபார்முலா ஒன் உலக சாம்பியன் ஆனவர். ஹில்லிடம் இருந்த பழைய கார்களையும் ரேஸ் கார்களையும் கிந்தர் லீவு நேரங்களில் பிரித்து மாட்டிக்கொண்டிருந்தார். 1951-ல் தானே ஒரு ரேஸில் இறங்கினார். அதற்குள் கொரியப் போர் வந்தது. ரெண்டு வருஷம் கட்டாய ராணுவ சேவை. அங்கேயும் விமானங்களும் என்ஜின்களும்தான் அவர் கைக்கு வந்தன. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஸ்பாய்லர் கதைக்குத் தேவைப்படும்.

திரும்பி வந்ததும் ஹில் அவரைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து மெக்ஸிகோவுக்குக் கூட்டிப்போனார். கரேரா பனமெரிக்கானா என்ற பந்தயம். பொதுச் சாலையில், மலையிலும் பாலைவனத்திலும் நாள் கணக்கில் ஓட்டணும். 1953-ல் ஹில் வளைவு ஒன்றில் கட்டுப்பாட்டை இழக்க, கார் நொறுங்கியது. ரெண்டு பேருக்கும் பெரிய அடி இல்லை. 1954-ல் மறுபடியும் போய் இரண்டாவது இடம் பிடித்தார்கள். போடிமெட்டு ஏறும்போது 17 கொண்டை ஊசி வளைவிலும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கைப்பிடியை இறுக்கிப் பிடித்தவர்களுக்கு, அந்த சீட்டில் மறுபடியும் போய் உட்கார எவ்வளவு தைரியம் வேணும் என்று புரியும்.

அதன் பிறகு கலிஃபோர்னியாவில் ஒரு கார் டீலருக்காக போர்ஷேயும் ஃபெராரியும் ஓட்டினார். 1960-ல் இத்தாலியிலிருந்து அழைப்பு வந்தது. ஃபெராரியில் ரேஸ் வீரர் வேலை மட்டும் இல்லை, புதுக் கார்களை ஓட்டிப் பார்த்து என்ன குறை என்று சொல்கிற டெஸ்ட் டிரைவர் வேலையும் சேர்த்து.

ஒரு தகடு, ஒரு மாற்றம்

1961. ஃபெராரி தன் முதல் பின்-என்ஜின் ஸ்போர்ட்ஸ் காரைச் செய்திருந்தது. பெயர் 246 எஸ்பி. வடிவமைப்பு கார்லோ கிட்டி என்ற பொறியாளரின் தலைமையில். உயரமான பின்பக்கம், கடைசியில் கத்தியால் வெட்டியதுபோல் முடியும் வால். மான்ஸா டிராக்கில் கிந்தர் அதைச் சோதித்தபோது, வேகம் ஏற ஏற பின்பக்கம் நிலையில்லாமல் அலைந்தது. என்ஜின் புகையும் டிரைவர் உட்காரும் இடத்துக்குள் திரும்பி வந்தது.

பின்னால் வரும் காற்று ஒழுங்காகப் பிரியவில்லை என்பது கிந்தரின் கணிப்பு. விமானப் பட்டறையில் வளர்ந்த ஆளுக்கு அது தோன்றியதில் ஆச்சரியம் இல்லை. வால் முனையில் நீளவாக்கில் ஒரு மெல்லிய உலோகத் தகட்டை நிமிர்த்தி அடிக்கச் சொன்னார். அடித்தார்கள். கார் அடங்கியது.

ரகசியம் காக்க, எரிபொருள் நிரப்பும்போது சிந்துவது சூடான புகைக்குழாயில் படாமல் இருக்கத்தான் அந்தத் தகடு என்று வெளியில் கதை கட்டினார்கள் என்று ரேஸ் உலகில் சொல்வதுண்டு. ரொம்ப நாள் தாங்கவில்லை. அந்த வருஷமே 246 எஸ்பி சிசிலித் தீவின் டார்கா ஃப்ளோரியோ பந்தயத்தை வென்றது. கொஞ்ச காலத்தில் எதிர் அணிகளின் கார்களிலும் வால் முளைத்தது.

இங்கே ஒரு சின்னத் திருத்தம். காரில் காற்றைப் பயன்படுத்தும் யோசனையே கிந்தருடையது என்று சொல்லிவிட முடியாது. 1956-லேயே சுவிட்சர்லாந்து பொறியாளர் மைக்கேல் மே, தன் போர்ஷே மேல் ஒரு பெரிய விங்கை நிறுத்திக்கொண்டு நூர்பர்க்ரிங் வந்தார். அதோடு ஓட அனுமதி கிடைக்கவில்லை. ஆனால் அது விங். வால் முனையில் ஒட்டிக்கிடக்கும் ஸ்பாய்லர் என்று வந்தால், ரேஸ் காரில் முதலில் அதை வைத்த பெருமை கிந்தருக்குத்தான் தரப்படுகிறது.

அப்படினா ஸ்பாய்லருக்கும் விங்குக்கும் என்ன வித்தியாசம்?

சினிமா கதையை முன்கூட்டியே சொல்லிக் கெடுப்பதை ஸ்பாய்லர் என்கிறோம். காரில் இருப்பதும் கெடுக்கிற வேலையைத்தான் செய்கிறது. கெடுப்பது காற்றின் ஓட்டத்தை.

கார் வேகமாகப் போகும்போது கூரை மேல் வரும் காற்று பின் கண்ணாடியில் வழுக்கி, டிக்கி மேல் வேகமாக ஓடுகிறது. வேகமாக ஓடும் இடத்தில் அழுத்தம் குறையும். அதனால் காரின் பின்பக்கம் லேசாக மேலே தூக்கப்படும், டயர் பிடி குறையும். வால் முனையில் ஒரு தடுப்பு இருந்தால் காற்று அங்கே தேங்கி, டிக்கி மேல் அழுத்தம் கூடுகிறது. தூக்குவது குறைகிறது. இதுதான் ஸ்பாய்லர். உடலோடு ஒட்டியே இருக்கும்.

விங் அப்படி இல்லை. கால் வைத்துத் தனியாக நிற்கும். மேலும் கீழும் காற்று போகும். விமான இறக்கையைத் தலைகீழாக்கியதுபோல் காரைக் கீழே அமுக்கும். அண்ணன் அனுப்பிய இரண்டாவது படம் இந்த வகை.

ரெண்டுமே வேகத்தின் அடிமைகள். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தில் கூடும். 40 கிலோமீட்டர் வேகத்தில் இருப்பதைவிட 120-ல் ஒன்பது மடங்கு. அதாவது, போடியிலிருந்து மேலே ஏறும் சாலையில் ரெண்டாவது கியரில் முக்கிக்கொண்டு போகும் வண்டியில் ஸ்பாய்லர் வெறும் அலங்காரம். தேனி தாண்டி நான்குவழிச் சாலையில் ஏறினால்தான் அதற்குக் கொஞ்சமாவது வேலை.

உயரம் அதிகமானால் நல்லதுதானே என்று கேட்கலாம். இல்லை. பின் சக்கரத்துக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் அமுக்கினால், ஏற்றப் பலகை மாதிரி முன்பக்கம் லேசாகும். போர்ஷே தன் 911 கரேரா ஆர்எஸ் காருக்கு 1972-ல் வாத்து வால் போன்ற அந்தப் பிரபலமான ஸ்பாய்லரைக் கொடுத்தபோது, முன் பம்பருக்குக் கீழேயும் ஒரு தடுப்பு வைத்தது அதனால்தான். முன்னும் பின்னும் ஜோடி. பின்னால் மட்டும் பெரிதாக ஒன்றை வாங்கி மாட்டினால் ஜோடி உடையும்.

அடுத்தவர் ஜெயிக்க ஓட்டியவர்

கிந்தரிடம் திரும்புவோம். 1961 மே 14, மொனாக்கோ. ஃபெராரியின் சக்தி வாய்ந்த புதுக் காரில் கிந்தர். முன்னால் ஸ்டெர்லிங் மாஸ், பழைய லோட்டஸில். 100 சுற்று. கிந்தர் விடாமல் துரத்தினார். கடைசியில் மாஸ் 3.6 விநாடி வித்தியாசத்தில் ஜெயித்தார். கிந்தரின் வாழ்க்கையில் மிகச் சிறந்த ஓட்டம் தோற்ற ஓட்டம்தான் என்று சொல்லும் ரசிகர்கள் இன்றும் உண்டு. எனக்கும் அப்படித்தான் படுகிறது.

அந்த செப்டம்பரில் மான்ஸாவில் அணித் தோழர் வுல்ஃப்காங் ஃபான் டிரிப்ஸ் விபத்தில் இறந்தார். பார்வையாளர்கள் 15 பேரும் இறந்தார்கள். அதே நாளில் ஃபில் ஹில் உலக சாம்பியன் ஆனார். கொண்டாட யாருக்கும் மனசில்லை. அந்த வருஷக் கடைசியில் கார்லோ கிட்டி உட்பட முக்கியமான பலர் ஃபெராரியை விட்டு வெளியேறினார்கள். கிந்தரும் கிளம்பினார். போய்ச் சேர்ந்த இடம், இங்கிலாந்தின் பிஆர்எம் அணி.

அங்கே கிரஹாம் ஹில்லுக்கு இரண்டாவது வீரர். 1962-ல் ஹில் சாம்பியன். காரைச் சோதித்து, செட்டிங் சரிசெய்து, புள்ளிகளைச் சேர்த்துக் கொடுத்ததில் கிந்தருக்குப் பங்கு உண்டு. 1963-ல் அதே ஹில்லுடன் சேர்ந்து லெமான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜெட் விமானம்போல் கேஸ் டர்பைனில் ஓடும் ஒரு ரோவர்-பிஆர்எம் காரை ஓட்டி முடித்தார். சோதனைக்கு ஆள் தேவையென்றால் கிந்தரைக் கூப்பிடு என்பது வழக்கமாகிவிட்டது.

நம் ஊரிலும் இப்படி ஒருவர் இருந்தார். கோயம்புத்தூர் கரிவரதன். மாருதி 800 என்ஜினை வைத்து ரேஸ் கார் செய்தவர். ஓட்டவும் தெரியும், செய்யவும் தெரியும். 1995-ல் சிறு விமான விபத்தில் இறந்தார். கோவையின் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரில்தான். அவரைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதணும்.

ஒரே ஒரு வெற்றி

1965-ல் கிந்தர் ஹோண்டாவுக்குப் போனார். பைக் கம்பெனியாக மட்டுமே அறியப்பட்ட ஜப்பான் நிறுவனம், கார் ரேஸுக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. என்ஜின் அருமை, மற்றது சுமார் என்ற நிலை. கிந்தர் போன்ற சோதனைக்காரர்தான் அவர்களுக்குத் தேவைப்பட்டார்.

1965 அக்டோபர் 24, மெக்ஸிகோ சிட்டி. 2,200 மீட்டருக்கும் மேலான உயரம். அங்கே காற்று லேசு. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் டிரைவர்களைக் கேட்டால் சொல்வார்கள், மேலே போகப் போக பழைய கார்புரேட்டர் வண்டிக்கு எப்படி மூச்சு வாங்கும் என்று. ஹோண்டா அணி அந்தக் காற்றுக்கு ஏற்றபடி எரிபொருள் கலவையைச் சரியாகப் பிடித்துவிட்டது. கிந்தர் முதல் சுற்றிலேயே முன்னால் போனார். 65 சுற்றும் முன்னாலேயே இருந்தார். ஹோண்டாவுக்கு முதல் ஃபார்முலா ஒன் வெற்றி. குட்இயர் டயருக்கும் முதல் வெற்றி. கிந்தருக்கு முதலும் கடைசியும்.

மொத்தம் 52 கிராண்ட் பிரி. 14 முறை மேடை ஏறினார். வெற்றி ஒன்று.

அடுத்த வருஷம் மான்ஸாவில் ஹோண்டாவின் புதுக் காரில் டயர் போய், மரங்களில் மோதினார். பிழைத்தார். அதே 1966-ல் வெளியான கிராண்ட் பிரி என்ற ஹாலிவுட் படத்திலும் ஒரு வீரராக வந்து போகிறார். 1967-ல் இண்டியானாபொலிஸ் பந்தயத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது, போதும் என்று முடிவெடுத்துவிட்டார். வயது 36. கூட ஓட்டியவர்களில் எத்தனை பேர் டிராக்கிலேயே செத்தார்கள் என்று எண்ணிப் பார்த்தால் அந்த முடிவின் எடை தெரியும்.

பிறகு கொஞ்ச நாள் ரேஸ் அணிகளை நிர்வகித்தார். அதையும் விட்டார். மெக்ஸிகோவின் பாஹா கலிஃபோர்னியா பாலைவனத்தில் வேனில் முகாமிட்டு வாழ்ந்தார். 1989 செப்டம்பர் 20-ம் தேதி, குடும்பத்தோடு ஃபிரான்ஸ் போயிருந்தபோது மாரடைப்பில் இறந்தார்.

சரி, எதை மாட்டுவது?

கிந்தர் விலகிய மறு வருஷமே ஃபார்முலா ஒன்னில் கம்பு வைத்து உயரமான விங் மாட்டும் மோகம் பிடித்தது. 1969 மே மாதம் பார்சிலோனாவில் ரெண்டு லோட்டஸ் கார்களின் விங்கும் ஓட்டத்திலேயே முறிந்தன. ஒன்றை ஓட்டியவர் அதே கிரஹாம் ஹில். இன்னொருவர் யோக்கன் ரிண்ட். ரெண்டு காரும் தடுப்பில் போய் மோதின. அடுத்த பந்தயமான மொனாக்கோவிலேயே உயர விங்குகளுக்குத் தடை வந்துவிட்டது.

அதனால் அண்ணனின் இரண்டாவது படத்தை முதலில் தள்ளிவிட்டேன். கான்டெஸாவின் டிக்கி மூடி மெல்லிய தகடு. அந்தக் காலில் வரும் விசையைத் தாங்க அதற்குள் எலும்பு இல்லை. நூறில் போகும்போது பிய்த்துக்கொண்டு போனால், பின்னால் பைக்கில் வருபவர் மேல்தான் விழும்.

டேப் பட்டையும் சரிப்படவில்லை. டிக்கி மூடியில் 90-களில் போட்ட ஓட்டைகள் அப்படியே இருக்கின்றன. பட்டை அவற்றை மூடாது. மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி டிக்கி முழுக்கத் துரு பிடிக்கும். ஓட்டைகளை வெல்டு வைத்து அடைத்துப் பெயின்ட் அடித்து, வாலே இல்லாமல் விடுவதும் ஒரு வழி. கம்பெனியிலிருந்து வந்தபோது கான்டெஸா அப்படித்தானே இருந்தது? பழைய கார் பிரியர்களில் இதைத்தான் சரி என்பவர்கள் நிறைய. ஃபெராரி 250 ஜிடிஓ-வைப் பாருங்கள். 1962-ல் வந்த முதல் சில கார்களில் ஸ்பாய்லர் தனியாக போல்ட் போட்டு இருக்கும்; பின்னால் வந்தவற்றில் உடலோடு சேர்ந்தே இருக்கும். ஒன்றில் உள்ளதை இன்னொன்றில் வைத்தால் அந்தக் காரின் வரலாறு பொய்யாகிவிடும்.

ஆனால் பெரியப்பாவின் காரின் வரலாற்றில் வால் இருக்கிறது. 2002-லேயே கான்டெஸா உற்பத்தி நின்றுவிட்டது. அதற்கும் முன்னால் வந்த வால் இது. மிச்சம் ஃபைபர் காப்பி. அதிலும் வாங்கியவுடன் பெயின்ட் அடிக்கக் கூடாது. முதலில் வெறும் காப்பியை டிக்கி மேல் வைத்துப் பார்க்கணும். ஃபைபர் அச்சிலிருந்து எடுக்கும்போது நடு வளைந்துபோவது சகஜம். வளைந்ததை போல்ட் போட்டு இழுத்து உட்கார வைத்தால் ஆறே மாசத்தில் போல்ட்டைச் சுற்றி விரிசல் விடும். போல்ட் இறங்கும் இடத்தில் ஃபைபருக்குள் இரும்புத் தகடு வைத்திருக்கிறார்களா என்று தட்டிப் பார்க்கணும். அடியில் ரப்பர் படுகை வேணும். எடை கூடினால் டிக்கி மூடி திறந்தபடி நிற்காமல் தலையில் விழும், அதையும் பார்க்கணும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு வண்டியை உற்பத்தியாளர் சொன்னதிலிருந்து மாற்றுவதைத் தடுக்கிறது என்பதால், மாட்டுவதற்கு முன் ஆர்டிஓ அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

இதையெல்லாம் சொன்னேன். அண்ணன் படத்தில் இருந்த மூன்றையும் வாங்கவில்லை. உடைந்த ரெண்டு துண்டையும் சாக்கில் கட்டி மதுரைக்கு எடுத்துப்போய், ஒரு ஃபைபர் பட்டறையில் கொடுத்தார். அவர்கள் ரெண்டையும் ஒட்டி, தேய்த்து, அதிலிருந்தே அச்சு எடுத்துப் புதுசு வார்த்துக் கொடுத்தார்கள். பழைய ஓட்டைகளில் நாலில் மூன்று சரியாக உட்கார்ந்தது. நாலாவதை மறுபடியும் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள்.